1830: காலி கம்பெனியை அடுத்தவர் தலையில் கட்டலாமா?

கரிவண்டி:
ரயில் கம்பெனிகளின் பங்கை வாங்கி விற்று, அவற்றை நடத்திப் பணம் சேர்க்கும் 1830 என்ற பலகை விளையாட்டை நாலு பேர் ஆடினோம். ஈரி கம்பெனியில் நண்பரிடம் 40 சதவீதம், என்னிடம் 20. பங்குகளை வாங்கி விற்கும் பங்குச் சுற்றில் அவர் ஒரே மூச்சில் 30 சதவீதத்தை விற்றார். அதிகப் பங்கு வைத்திருப்பவரே தலைவர் என்பதால் அந்தப் பதவி என்னிடம் வந்துவிட்டது. கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு 3-டிரெயின், கஜானாவில் 40 டாலர். கம்பெனிகள் டிரெயின் ஓட்டும் அடுத்த இயக்கச் சுற்றில் அவருடைய இன்னொரு கம்பெனி முதல் 6-டிரெயினை வாங்கியது. என் 3-டிரெயின் ரஸ்ட் ஆகிப் போனது, அதாவது காலாவதியாகி ஆட்டத்திலிருந்தே போய்விட்டது. மிச்சமிருக்கும் 6-டிரெயினை 630 டாலருக்கு நான் வாங்கியே ஆக வேண்டும், குறைகிற 590-ஐ என் கைப்பணத்திலிருந்து போட வேண்டும் என்கிறார்கள். நான் கேட்காத பதவிக்கு நான் பணம் கட்டுவதா?

தண்டவாளம்:
ஆமாம், விதி அதுதான். ஓடப் பாதை இருந்தால் கம்பெனியிடம் ஒரு டிரெயினாவது இருக்க வேண்டும். கஜானா போதவில்லை என்றால் தலைவர் கொடுக்க வேண்டும். உங்கள் ரொக்கமும் போதவில்லை என்றால் மற்ற பங்குகளை விற்கலாம், தேவையான அளவுக்கு மட்டும். ஆனால் அந்த நேரத்தில் ஈரி பங்கை விற்று பதவியை இன்னொருவரிடம் தள்ள முடியாது. அப்படியும் பணம் சேரவில்லை என்றால் நீங்கள் திவால். ஆட்டமே அங்கே முடிந்துவிடும்.

உங்கள் நண்பர் செய்ததும் சரியான ஆட்டம்தான். இந்த ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். தலைவரிடம் இருக்கும் சான்றிதழ் ஒரே துண்டாக 20 சதவீதப் பங்கு. அதை வாங்கிக்கொள்ள 20 சதவீதம் வைத்திருக்கும் இன்னொருவர் இருந்தால்தான் அவரால் வெளியே வர முடியும். உங்கள் இரண்டு 10 சதவீதப் பங்குகள் அவரிடம் போயின, சான்றிதழ் உங்களிடம் வந்தது, அந்த இரண்டில் ஒன்றை அவர் விற்றுவிட்டார். நீங்கள் 10 சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால், வேறு யாரிடமும் 20 இல்லாத பட்சத்தில், அவர் ஈரியோடு மாட்டிக்கொண்டிருப்பார். காலி கஜானா, பழைய டிரெயின், ஆனாலும் சுற்றுக்குச் சுற்று டிவிடெண்ட் என்று ஒருவர் நடத்துகிறாரா? அந்தக் கம்பெனியில் இரண்டாவது பங்கை வாங்காதீர்கள்.

சிக்னல்விளக்கு:
கரிவண்டி, உங்களிடம் வேறு கம்பெனி இருந்ததா?

கரிவண்டி:
இருந்தது, பென்சில்வேனியா. இரண்டு 5-டிரெயின் வைத்திருந்தது.

சிக்னல்விளக்கு:
அப்படியென்றால் 590 போடவே வேண்டாம். ஒரு கம்பெனி இன்னொன்றிடமிருந்து டிரெயின் வாங்கலாம். விலையை இரண்டு தலைவர்களும் பேசி முடிவு செய்வார்கள், குறைந்தது 1 டாலர். இரண்டுக்கும் நீங்களே தலைவர்! ஈரி தன் 40 டாலருக்குள்ளேயே ஒரு 5-டிரெயினை வாங்கியிருக்கும். பங்கு விலை அதிகமுள்ள கம்பெனிதான் முதலில் ஓடும்; விலைப் பலகையில் பென்சில்வேனியா மேலே இருந்தால் அது முன்னாலேயே இரண்டையும் ஓட்டி முடித்திருக்கும், அந்தச் சுற்று வருமானமும் போகாது.

தண்டவாளம்:
இதை நான் விட்டுவிட்டேன், சிக்னல்விளக்கு சொல்வதுதான் சரி. இன்னொன்றும் கவனியுங்கள். அவர் விற்ற மூன்று பங்கால் விலை மூன்று படி இறங்கியது உண்மை. ஆனால் அந்த 30 சதவீதம், விற்ற பங்குகள் போய்ச் சேரும் வங்கிக் குவியலில் கிடக்கும் வரை அதற்கான டிவிடெண்ட் கம்பெனி கஜானாவுக்கே வரும். 5-டிரெயின் ரஸ்ட் ஆகாது. அதனால் ஈரியை வேண்டாத சுமையாக நினைக்காதீர்கள். அடுத்த பங்குச் சுற்றில் குவியலிலிருந்து மலிவாக ஒரு பங்கு எடுத்துப் போடுங்கள்.