கோரம் சென்சிங்: 'குறைவெண் உணர்தல்' எனக்கு ஒட்டவில்லை

நண்பர்களே,

பாக்டீரியாக்கள் தங்கள் கூட்டம் போதுமான அளவு பெருகிவிட்டதை அறிந்து சேர்ந்து செயல்படுவதுதான் கோரம் சென்சிங் (quorum sensing). அதற்குத் தமிழில் 'குறைவெண் உணர்தல்' என்று நேற்று முன்வைத்திருந்தீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) என்றதும் தேவிபட்டினம் பக்கத்து எங்கள் ஊர் கிராம சபைதான் கண்ணில் நிற்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வர வேண்டும். பதிவேட்டில் கையெழுத்தை எண்ணுவார்கள். பாக்டீரியா தலை எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே கசியவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அது சுற்றிலும் அடர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து வேலையில் இறங்குகின்றன. கரைவலைக்காரர்களைப் போல: ஆள் சேராமல் கயிற்றில் கை வைத்து என்ன பயன்?

கொல்லையில் கத்தரி பச்சையாக இருக்கும்போதே வாடித் தொங்கினால், தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற வாடல் நோய் பாக்டீரியா. திரண்ட பிறகே அது கோழையை ஏராளமாகச் சுரந்து நீர்க்குழாய்களை அடைக்கிறது. உருளைக்கிழங்கை அழுக வைக்கும் பெக்டோபாக்டீரியமும் இதே கணக்கில்தான் நொதிகளை விடுகிறது. நாலைந்தாக இருக்கும்போதே விட்டால் செடி விழித்துக்கொண்டு தற்காப்பில் இறங்கிவிடும்.

அதனால் என் பரிந்துரை 'திரளறிதல்'. 'உணர்தல்' வேண்டாம், கூடவே 'உணர்வு' வந்து ஒட்டிக்கொண்டு பாக்டீரியாவுக்கு மனசு வைத்துவிடும். 'திரளறி மூலக்கூறு', 'திரளறி மரபணு' என்று கிளைச்சொல்லும் எளிதாக வருகிறது. எனக்கு அதுதான் முதல் சோதனை.

பாக்டீரியாக்களின் இந்தச் சேதியைத் தடுப்பதற்குப் பெயர் கோரம் குவென்ச்சிங் (quorum quenching). அதற்குத்தான் கொஞ்சம் தடுமாறினேன். 'திரள்கலைப்பு' என்றால் கூட்டத்தையே விரட்டுவதாகிவிடும். அங்கே நடப்பது வேறு. கூட்டம் அப்படியே இருக்க, சேதி மட்டும் அறுபடுகிறது. 2001இல் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் நொதி ஒன்றுக்கான மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் புகுத்தினார்கள். அது சேதி மூலக்கூறைச் சிதைத்ததால் அழுகல் மட்டுப்பட்டது. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்கிற வேலை! 'விஷமுறிவு' வழியில் 'திரளறி முறிப்பு' எனலாமா?

ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். இடுக்கான இடத்தில் சில செல்கள் மட்டும் இருந்தாலும் மூலக்கூறு வெளியேற வழியின்றி அடர்ந்துவிடும். அப்போது 'திரள்' பொய்யாகிறது. ஆனால் இந்தக் குறை 1994இல் வந்த 'கோரம்' என்ற மூலச்சொல்லுக்கும் உண்டு. விக்சனரியில் ஏற்றுமுன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.