புதுப்பிப்பு: மசாய் மாரா லாட்ஜில் சோலார் வேலை, 15 கிலோ பை பிரச்சினை தீர்ந்தது

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு சஃபாரி லாட்ஜின் சோலார் பேட்டரிகளைப் பார்க்கப் போகிறேன், குட்டி விமானத்தில் 15 கிலோதான் விடுவார்களாம், கருவிகளை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். வேலை முடிந்து திரும்பிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, கனமான சாமான்களை லாட்ஜுக்குச் சரக்கு ஏற்றும் லாரியிலேயே முன்கூட்டி அனுப்பச் சொன்ன யோசனை. நைரோபியிலிருந்து காய்கறி மூட்டைகளோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. குட்டி விமானம் கிளம்பும் நைரோபி வில்சன் விமான நிலையத்தில் கைப்பையையும் சேர்த்தே எடை போட்டார்கள். கெட்டிப் பெட்டி ஆகாது, துணிப்பைதான். கென்யாவில் 2017 முதல் பாலித்தீன் பைக்குத் தடை என்பதால் ஸ்க்ரூக்களையும் சுருக்குப்பையில் கட்டிக்கொண்டேன்.

நம்மூர் உருண்டைப் பின் பிளக் அங்கே சேராது. பட்டையான மூன்று பின், 240 வோல்ட். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்கிறார்கள்.

எதிர்பாராதது இரவு வேலைதான். இருட்டினால் மாரா ஆற்றிலிருந்து நீர்யானைகள் புல் மேயக் கரையேறிக் கூடாரங்களுக்கு நடுவே வருகின்றன. பேட்டரி அறைக்குப் போகும் வழியில் மசாய் காவலர் சட்டென்று டார்ச்சைத் தாழ்த்தி என்னை நிறுத்தினார். பக்கத்திலேயே கறுக் கறுக்கென்று புல் பிடுங்கும் சத்தம். அது நகரும்வரை அசையாமல் நின்றோம். இரவில் வேலை இருந்தால் காவலரிடம் மாலையிலேயே சொல்லிவையுங்கள்.

கருநீலம், கறுப்பு உடை வேண்டாம். கடிக்கும் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத்தான் தேடி வரும்.