ஸ்பானர், சாக்கெட் எந்தப் பிராண்ட் வாங்கலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன், கோலாலம்பூர்

அப்பாவின் 1991 புரோட்டான் சாகா காடி (கார்) இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. போன மாதம் பின்சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிந்தது. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை மாற்றினால் சரியாகிவிடும், நாமே செய்யலாம் என்று சனிக்கிழமை காலையில் காடியைத் தூக்கி நிறுத்தினேன். கையில் இருந்தது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 39 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஸ்பானர் செட். பெயர் வேண்டாம், பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

பிரேக் பைப் சிலிண்டரில் சேரும் இடத்தில் ஒரு 10 எம்எம் நட்டு. முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் சட்டென்று சுற்றியது. கழன்றுவிட்டது என்று சந்தோஷமாகக் குனிந்து பார்த்தால், நட்டு அதே இடத்தில் இருக்கிறது, அதன் மூலைகளைத்தான் காணோம். ஸ்பானரை ஒரு புது போல்டில் மாட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. வாயே விரிந்துவிட்டது. கடைசியில் பைப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புது பைப் போட வேண்டியதாயிற்று. அதை நான் செய்யவில்லை. டோ வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குப் போனது.

அம்மாவை வாரம் இரண்டு முறை இந்தக் காடியில்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். பிரேக் வேலையில் இனிமேல் இப்படி ஆகக் கூடாது. 500 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். ஜப்பானா, ஜெர்மனியா, தைவானா? ஒரே பிராண்டில் முழு செட் எடுத்துவிடலாமா?

பழைய பட்டறைக்காரர், பட்டர்வொர்த்

தம்பி, உங்களைக் கவிழ்த்தது பிராண்ட் மட்டும் இல்லை. திறந்த வாய் ஸ்பானர் நட்டின் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். பிரேக் பைப் நட்டுக்கு என்றே பிளேர் நட் ஸ்பானர் இருக்கிறது. வளையம் மாதிரி, பைப் நுழைய மட்டும் ஒரு வெட்டு. ஆறில் ஐந்து பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். 10 எம்எம்மில் நல்லதாக ஒன்று வாங்குங்கள். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். முப்பது வருஷமாக நான் அப்படித்தான் செய்தேன்.

ஒரே பிராண்டில் முழு செட் வேண்டாம். உங்கள் சாகா மிட்சுபிஷி வழி வந்தது, பெரோடுவா மைவி காடி வைத்திருப்பவர்களுக்கு, அது டைஹாட்சு வழி. இரண்டிலும் அடிக்கடி கைக்கு வருவது 10, 12, 14, கொஞ்சம் 17. அந்த அளவுகளில் மட்டும் ஜப்பான் சாக்கெட் (நட்டின் மேல் கிண்ணம் போல் மாட்டுவது) வாங்குங்கள், கோக்கனோ கேடிசியோ. கேடிசி 1950இல் கியோட்டோவில் தொடங்கிய கம்பெனி. நான் வேலை கற்றதே என் முதலாளியின் கேடிசி பெட்டியில்தான். ஆறுமுனை சாக்கெட்டாகக் கேளுங்கள். பன்னிரண்டு முனை மாட்டச் சுலபம், ஆனால் துருப்பிடித்த போல்டில் மூலையைச் சீவிவிடும்.

ஜெர்மனியின் ஹாஸெட், ஸ்டால்வில்லெ, கெடோரே எல்லாம் அருமையான இரும்பு, குறை சொல்லவே முடியாது. ஆனால் ஐரோப்பியக் காடியில் எம் 8 (8 எம்எம் தடிமன்) போல்டுக்குத் தலை 13. ஜப்பான் காடியில் அதே போல்டுக்குப் பெரும்பாலும் 12. அங்குள்ள சின்ன ஸ்பானர் செட் சிலவற்றில் 10, 13, 17 என்று தாவிப் போகும். காசு கொடுத்துவிட்டு 12ஐத் தேடிக்கொண்டு நிற்பீர்கள்.

ராட்செட் (சாக்கெட்டை மாட்டி முன்னும் பின்னும் அசைத்துச் சுற்றும் கைப்பிடி), நீட்டுக் கம்பி, மூட்டு போல் மடங்கும் முட்டிச் சாக்கெட் எல்லாம் தைவான் போதும். கிங் டோனி, டாப்டூல் இரண்டையும் என் பையன்கள் பட்டறையில் தினமும் போட்டு அடிக்கிறார்கள், நிற்கிறது. ராட்செட் வாங்கும்போது பல் எத்தனை என்று கேளுங்கள். 72 பல் என்றால் 5 டிகிரி அசைவிலேயே அடுத்த பல்லைப் பிடிக்கும், 24 பல்லுக்கு 15 டிகிரி வேண்டும். மைவி எஞ்சின் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். உள்ளே தேய்ந்தால் முழுசையும் வீச வேண்டாம்.

சுங்கை டுவா டீச்சர், பினாங்கு

எனக்குப் பட்டறை வேலை தெரியாது. ஆனால் போன தீபாவளிக்கு முதல் நாள் ஜூரு நெடுஞ்சாலை ஓய்விடம் பக்கம் டயர் பஞ்சர். காடியோடு வந்த எல் ஸ்பானரில் ஏறி நின்றும் ஒரு நட்டு அசையவில்லை. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு லாரிக்கார அண்ணன் அரை இஞ்ச் சதுர முனை உள்ள நீட்டுக் கம்பியும் 21 சாக்கெட்டும் கொண்டு வந்து, ஒரே அழுத்தில் கழற்றிக் கொடுத்தார். கம்பி என் ஸ்பானரைப் போல இரண்டு மடங்கு நீளம். நீளம் இரண்டு மடங்கானால் கையின் பலம் பாதி போதும். வகுப்பில் வருஷா வருஷம் இதைத்தான் நடத்துகிறேன், அன்றைக்குத்தான் என் கையால் உணர்ந்தேன். மறுவாரமே தைவான் சாமானில் இரண்டையும் வாங்கி காடியின் பின்பெட்டியில் போட்டேன். அக்காமார்களே, உங்கள் காடியிலும் ஒன்று இருக்கட்டும்.

லோரோங் கூலிட் ஞாயிறு, ஜார்ஜ்டவுன்

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லோரோங் கூலிட் சந்தையில் துருப்பிடித்த ஜப்பான் ஸ்பானர் கிடைக்கும், நானே வாங்கியிருக்கிறேன். பையில் ஒரு புது 12 போல்டை எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டி ஆட்டுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் சரி. குரோம் உரிந்து செதிலாக நிற்பதையும் எடுக்காதீர்கள், கையைக் கிழிக்கும்.

அப்புறம், திருப்புளியை யாரும் சொல்லவில்லையே. என் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் கார்ப்புரேட்டர் ஸ்க்ரூ தலையை மூன்று முறை கெடுத்த பிறகுதான் தெரிந்தது, ஜப்பான் ஸ்க்ரூவின் சிலுவை வெட்டு வேறு, சாதாரண பிலிப்ஸ் நுனி வேறு. தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் வெட்டு. ஒசாகாவின் வெஸல் திருப்புளி ஒன்று வாங்கினேன். நுனி உள்ளே போய் உட்கார்ந்ததும், கையை எடுத்தாலும் விழாமல் நின்றது.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கு முக்கியமாக. நேற்று கோக்கனில் 10, 12, 14, 17 ஆறுமுனை, கேடிசி பிளேர் நட் ஸ்பானர், தைவான் 72 பல் ராட்செட், வெஸல் திருப்புளி எல்லாம் வாங்கினேன். டீச்சர் சொன்ன நீட்டுக் கம்பியும் 21 சாக்கெட்டும் சேர்த்து 500க்குள்ளேயே அடங்கிவிட்டது. கடையிலேயே புது போல்டை மாட்டி ஆட்டிப் பார்த்தேன், தௌக்கே (கடை முதலாளி) சிரித்தார். அடுத்த பக்கச் சக்கரத்திலும் சிலிண்டர் பழசுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி எண்ணெய் அடித்துவிட்டு, சனிக்கிழமை கழற்றிப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.