டாண்டலைசிங்: கெப்பாசிட்டர் வழியாக வந்த சொல்

மருத்துவக் கருவிகளின் சர்க்யூட் போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், ஆசை காட்டிக் கைக்கு எட்டாமல் ஏங்கவைப்பதைக் குறிக்கும் டாண்டலைசிங் என்ற ஆங்கிலச் சொல், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகமான கெப்பாசிட்டரில் ஒரு வகை, டாண்டலம் என்ற உலோகத்தைக் கொண்டு செய்யும் டாண்டலம் கெப்பாசிட்டரின் வழியாகவே எனக்கு அறிமுகமாயிற்று. போர்டின் மேல் மஞ்சள் நிறத்தில் சிறு செங்கல் போல ஒட்டியிருக்கும் அந்தப் பாகத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். அலுமினியம் கெப்பாசிட்டரிலோ கோடு நெகட்டிவைக் குறிக்கும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது பெயர்க் காரணத்தையும் சேர்த்தே சொல்வேன்.

1802இல் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எக்கெபெர்க், அமிலத்தின் நடுவில் இருந்தும் அது அமிலத்தைச் சற்றும் ஏற்காததைக் கண்டு, கிரேக்கப் புராணத்து டாண்டலஸ் மன்னனின் பெயரை அதற்கு வைத்தார். ஹோமரின் ஒடிசியில் அம்மன்னன் மோவாய் தொடும் நீரில் தாகத்தோடு நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் நீர் வற்றிக் காலடியில் கரிய மண் தெரிகிறது. தலைக்கு மேல் தொங்கும் மாதுளையையும் அத்தியையும் பறிக்கக் கை நீட்டினால் காற்று அவற்றை மேகத்தை நோக்கி வீசிவிடுகிறது. டாண்டலைசிங் என்ற சொல்லும் இவன் பெயரிலிருந்து வந்ததுதான்.

இக்கதையை அறிந்த பிறகு, காசு கொடுத்தால் இலைக்கு வந்துவிடும் பிரியாணியை டாண்டலைசிங் என்று விளம்பரம் செய்யும் உணவகங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கிரிக்கெட் வர்ணனையாளர்கள் பரவாயில்லை. அடிக்க வா என்று பேட்ஸ்மேனை முன்னால் இழுத்துவிட்டு, எட்டாத இடத்தில் விழும் சுழற்பந்துக்கு அச்சொல் பொருந்தவே செய்கிறது.

நான் அதை எழுத்தில் பயன்படுத்தியது ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டில். நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒன்று உயிரில்லாமல் வந்திருந்தது. போர்டுக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டலின் காலில், மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் ப்ரோபை (தொடுமுனையை) வைத்தால் அலை ஒழுங்காக ஓடும், மானிட்டரின் திரையும் ஒளிரும். எடுத்த மறுகணமே எல்லாம் நின்றுவிடும். பழுதைத் தேடிக் கையை வைத்தால் பழுதே இல்லை. கிரிஸ்டலுக்குத் துணையாக இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் ஒன்றின் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்ததும், ப்ரோப் தன்னுடைய சில பிக்கோஃபாரட் மின்தேக்குத் திறனைச் சேர்த்து அந்தக் குறையை மறைத்துவந்ததும், லென்ஸ் வைத்துப் பார்த்த பின்னரே தெரிந்தன.

ரிப்போர்ட்டில் 'டாண்டலைசிங் ஃபால்ட்' என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு 'இன்டர்மிட்டன்ட்' என்று திருத்தினார். தானாக வந்து தானாகப் போவதுதான் இன்டர்மிட்டன்ட், இதுவோ தொடப் போனால் மட்டுமே ஒளிந்துகொள்கிறது என்று வாதாடிப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்காரர்கள் பில்லைப் பார்ப்பார்களா, உங்கள் புராணத்தைப் பார்ப்பார்களா?" என்று கேட்டு அவர் கையெழுத்திட்டுவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் ப்ரோபை வைத்தால் மட்டும் வேலை செய்யும் போர்டு எது வந்தாலும், பயிற்சிப் பிள்ளைகள் அதன்மேல் டேப் ஒட்டி 'ராஜா வந்திருக்கார்' என்று எழுதி என் மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.