ஸ்னோஷூ போட்டு நடப்பவர்களுக்கும் பனிச்சரிவு ஆபத்து உண்டா? (கொலராடோ)

மலைக்கிறுக்கன்:
டென்வரில் இருக்கிறோம். எங்களில் யாருக்கும் ஸ்கீ தெரியாது. ஜனவரியில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் அகலச் சட்டம்) வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஹூசியர் பாஸ் பக்கம் நண்பர்களோடு ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்று திட்டம். பனிச்சரிவு நிலவரம் பார்த்தீர்களா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டதிலிருந்து மனைவிக்குக் கவலை. நாங்கள் சிகரம் எதுவும் ஏறப்போவதில்லை, பாதையும் கிட்டத்தட்ட சமதளம்தான். செங்குத்தான சரிவில் ஸ்கீ செய்பவர்களுக்குத்தானே இந்த ஆபத்து? பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கான் என்ற சிக்னல் கருவி அவசியம் வேண்டுமா?

போல்டர்க்காரி:
உங்கள் மனைவி கவலைப்படுவது சரிதான். 2022 ஜனவரியில் அதே ஹூசியர் பாஸ் அருகே ஸ்னோஷூவில் போன இரண்டு பேர் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார்கள். நீங்கள் நிற்கிற இடம் சமதளமா என்பதைவிட உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி பாளமாகப் பெயர்ந்து வரும், வந்தால் கீழே சமதளத்திலும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும்.

கொலராடோவில் இது ஏன் இவ்வளவு மோசம் என்றால், அக்டோபர், நவம்பரில் கொஞ்சமாகப் பனி விழுந்துவிட்டு அப்புறம் நாள்கணக்கில் வானம் தெளிவாக, கடுங்குளிராக இருக்கும். அடியில் தரையின் வெப்பம், மேலே உறைகுளிர், நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மெல்லிய பனி ரவை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் டிசம்பர், ஜனவரிப் புயல்கள் கனமான பாளத்தை ஏற்றிவைக்கும். அடியிலிருக்கிற அந்தப் பலவீனமான அடுக்கு வாரக்கணக்கில், சில வருடம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சரிவின் அடிவாரத்தில் நீங்கள் வைக்கிற ஒரு அடிகூட அதை உடைத்து மேலேயிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலம் முழுக்க தினமும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது, 1 முதல் 5 வரை நிலைகள். 3 என்றால் நடுவில்தானே என்று நினைத்துவிடாதீர்கள், அதிக உயிர்கள் போவது அந்த மாதிரி நாட்களில்தான். 4, 5 என்றால் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

தேவதாரு:
பீக்கான் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருவர் மட்டும் வைத்திருந்து பயனில்லை. ஆளுக்கொரு பீக்கான், ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைப்பது மிகக் கடினம். 911-ஐக் கூப்பிட்டால் அதற்குள் யாரும் வந்து சேர முடியாது, கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். தேடும்போது செல்ஃபோன் பக்கத்தில் இருந்தால் பீக்கான் குழம்பும், அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

போல்டர்க்காரி:
@தேவதாரு சொல்வது எல்லாமே உண்மை, ஆனால் முதல்முறை போகிறவரிடம் கருவியைக் கொடுத்து ஆபத்தான இடத்துக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மரத்தில் மோதியே இறப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே பீக்கான் என்ன செய்யும்? முதலில் இடத்தை மாற்றுங்கள். கால்டோப்போ என்ற இணைய வரைபடத்தில் சரிவின் சாய்வை வண்ணமிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது, உங்கள் பாதையிலும் அதற்கு மேலேயும் வண்ணமே இல்லாத வழியாகப் பாருங்கள்.

போகிற வழியிலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாத பட்டை தெரிந்தாலோ, அதன் ஓரத்து மரங்களில் மேட்டுப் பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தாலோ, அது பனிச்சரிவு இறங்கிய தடம். அங்கே நின்று சாப்பிடாதீர்கள். காலடியில் 'வும்ஃப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டால், அல்லது ஸ்னோஷூ முனையிலிருந்து விரிசல் ஓடினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மலைக்கிறுக்கன்:
இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. ஹூசியர் பாஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பிரெய்னார்ட் ஏரி எப்படி?

போல்டர்க்காரி:
நல்ல தேர்வு. குளிர்காலத்தில் கார்களுக்கு மூடிவிடுவதால் அந்தச் சாலையிலேயே ஏரி வரைக்கும் நடக்கலாம், சாய்வு குறைவு. காற்று மட்டும் பயங்கரமாக அடிக்கும், முகத்தை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியோடு திரும்பிவிடுங்கள், அதற்கு அப்பால் இசபெல் ஏரி வரை போகிற பாதைக்கு மேலே செங்குத்தான சரிவு இருக்கிறது. கிளம்புகிற காலையில் முன்னறிவிப்பை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், இரவில் காற்று திசை மாறியிருந்தால் நிலைமையும் மாறியிருக்கும்.