வேலை சென்னைக்கு வந்தால் வரி போடுவார்களாம்: நியாயமா?

பெருங்குடி பரமு

ஓஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ 2025 செப்டம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு ஆட்களிடம் வேலை வாங்கிக்கொண்டு பணம் அனுப்பினால் அந்தப் பணத்தின் மேல் 25 சதவீத வரி. அதைச் செலவுக் கணக்கில் கழிக்கவும் விடமாட்டார்கள். அதே மாதம், அங்கே போய் வேலை பார்க்கத் தரும் ஹெச்-1பி விசாவுக்கான புது விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்தார். ஆளும் அங்கே வரக்கூடாது, வேலையும் இங்கே வரக்கூடாது.

பதினாறு வருஷமாக இரவு ஷிஃப்ட் பார்த்து அவர்கள் சர்வரைக் காத்தவன் நான். பொங்கலன்று கூட லேப்டாப்போடுதான் ஊருக்குப் போவேன். இப்போது நாங்கள் வேலை திருடர்களா? (மொரேனோ கொலம்பியாவில் பிறந்து அமெரிக்கா போனவர். அது உபரித் தகவல்.)

நியூஜெர்சி நாடோடி

பரமு தம்பி, உங்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. நான் 1999-ல் ஒய்2கே (2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பும் என்ற பிரச்சினை) வேலைக்கு ஹெச்-1பி-யில் வந்தவன். இன்று இந்த நாட்டுக் குடிமகன். போன வருஷம் எங்கள் டீமில் பதினொரு பேரின் வேலை சென்னைக்குப் போனது. அதில் நான்கு பேர் தமிழர்கள்.

என் இடத்துக்கு வந்த பையன் வேளச்சேரி. எட்டு வாரம் அவனுக்குக் கேடி கொடுத்தேன். அதை முடித்து ஹெச்ஆரிடம் கையெழுத்து வாங்கினால்தான் செவரன்ஸ், அதாவது வேலையை விட்டு அனுப்பும்போது தரும் பணம். ஐடிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கேடி என்றால் தெரிந்ததையெல்லாம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ போடுகிற கேடி வேறு. எட்டாவது வாரத்தில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மொழி என்று தெரிந்ததும் மேனேஜர் தமிழிலேயே பேசிக்கொள்ளச் சொன்னார், சீக்கிரம் முடியுமாம். நல்ல பையன். அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிட்டான்.

வரி வேண்டுமா என்றால், வேண்டும்.

கணக்கப்பிள்ளை

நாடோடி சாரின் வருத்தம் புரிகிறது. ஆனால் வரி என்றால் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டாமா? அங்கே 100 டாலர் ஆகிற வேலை இங்கே 30 டாலரில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீத வரி சேர்த்தால் 37.50. அதற்காக வேலை திரும்பிப் போகுமா?

இந்த மாதிரி அழுத்தம் ஏற்கெனவே இருக்கிறது. 2022-லிருந்து அமெரிக்காவில் மென்பொருள் உருவாக்கும் செலவை ஒரே வருஷத்தில் வரிக் கணக்கில் கழிக்க முடியாமல் போனது. உள்நாட்டில் செய்தால் 5 வருஷம், வெளிநாட்டில் செய்தால் 15 வருஷம் என்று பிரித்துப் பிரித்துக் கழிக்க வேண்டியிருந்தது. 2025-ல் உள்நாட்டுக்கு மட்டும் பழைய சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்கு இன்னும் 15 வருஷம்தான். அப்படியும் கம்பெனிகள் நிற்கவில்லை. ஜிசிசி என்று இந்தியாவிலேயே சொந்த அலுவலகம் திறக்கிறார்கள். 2024-ல் ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணக்குப்படி இந்தியாவில் 1,700-க்கு மேல் ஜிசிசிகள், 19 லட்சம் ஊழியர்கள்.

2004-ல் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் கிரெக் மேன்கிவ், வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஒருவகை வர்த்தகம்தான், நீண்ட காலத்தில் அமெரிக்காவுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு இரண்டு கட்சிக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பேசிய நேரம் சரியில்லை. கணக்கு சரி.

நியூஜெர்சி நாடோடி

நீண்ட காலம்! எனக்கு 54 வயது சார். என் வீட்டுக் கடன் மாதா மாதம் வருகிறது.

மிச்சமாகிற அந்த 70 டாலர் எங்கே போகிறது என்பதையும் கணக்கப்பிள்ளை சொல்ல வேண்டும். எனக்கும் வரவில்லை, வேளச்சேரிப் பையனுக்கும் போகவில்லை.

சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2014-15-ல் ஆர்லாண்டோ டிஸ்னியில் சுமார் 250 ஐடி ஊழியர்களை அனுப்பினார்கள். பலர் தங்கள் இடத்துக்கு விசாவில் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஹெச்-1பி ஆட்களை நிறைய வைத்திருக்கிற கம்பெனி, 'உள்ளூர் ஆளை வெளியே தள்ளமாட்டேன்' என்று உறுதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வருகிறவருக்குச் சம்பளம் 60,000 டாலர் இருந்தால் அந்த உறுதி தேவையில்லை. அந்தத் தொகை 1998-ல் எழுதியது. இன்றைக்கும் அதே 60,000. மாடு போகிற அளவுக்கு வேலியில் ஓட்டை வைத்துவிட்டு, மாட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

கம்பெனிக்கே லாபமா என்பதும் சந்தேகம்தான். ஜெனரல் மோட்டார்ஸில் (ஜிஎம்) 90 சதவீத ஐடி வேலை வெளியார் கையில் இருந்தது. 2012-ல் ரேண்டி மாட் அங்கே ஐடி தலைவராக வந்து, மூன்று வருஷத்தில் இதைத் தலைகீழாக மாற்றுகிறேன் என்றார். ஆஸ்டின், ராஸ்வெல், சாண்ட்லர் என்று அமெரிக்க ஊர்களிலேயே வரிசையாகச் சொந்த மையங்கள் திறந்தார்கள்.

கணக்கப்பிள்ளை

அங்கேதான் குழப்புகிறீர்கள். அது அவுட்சோர்சிங், ஆஃப்ஷோரிங் கிடையாது. 1984-ல் இடிஎஸ் என்ற ஐடி சேவைக் கம்பெனியையே ஜிஎம் வாங்கியது, 1996-ல் தனியாக விட்டது, 2008-ல் அது ஹெச்பி கைக்குப் போனது. 2012-ல் ஜிஎம் என்ன செய்தது? தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெச்பி ஆட்கள் 3,000 பேரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. அடையாள அட்டை மாறியது, அவ்வளவுதான். வேலையை வெளி ஆளிடம் கொடுப்பது ஒன்று, வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. ஜிசிசி இரண்டாவது வகை, நாடு வேறு, கம்பெனி ஒன்றே.

நியூஜெர்சி நாடோடி

சரி, அந்தப் புள்ளியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரேண்டி மாட் எதற்காக வேலையைத் திருப்பி எடுத்தார்? ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் ஒப்பந்தத்தைப் புரட்டி, சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை தெரிந்தவன் பக்கத்து மேசையில் இல்லாததன் விலை எந்த இன்வாய்ஸிலும் வராது. மணிக்கணக்கு ரேட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

பெருங்குடி பரமு

இதில் அண்ணாவோடு ஒத்துப்போகிறேன். 2009-ல் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நான் கேடி எடுத்தேன். கொடுத்தது ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த ஒரு அம்மையார். கோபோல் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் முப்பது வருஷமாக அவர் வளர்த்த ப்ரோகிராம். காலாண்டு முடிவில் ஒரு ஜாப் (சர்வரில் ஓடவிடும் ப்ரோகிராம்) தோல்வியடையும், அதை மூன்றாம் தேதி வரை தொடாதே என்றார். ஏன் என்று கேட்டேன். "தொடாதே" என்று மட்டும் சொன்னார். டாக்குமெண்டில் அப்படியே எழுதிவைத்தேன். பின்னால் வந்த ஒருவர் இரண்டாம் தேதியே ஓட்டிவிட்டார். மூன்று நாள் யாரும் தூங்கவில்லை.

அந்த அம்மையார் முழுசாகச் சொல்லாதது தப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் வரி சரியில்லை. அது அடிப்பது எங்களைத்தான்.

சிறுசேரி செல்வி

மூன்று பேரும் வேலை சென்னைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது போலவே பேசுகிறீர்கள். நான் 2010-ல் வருஷத்துக்கு 3.2 லட்சம் சம்பளத்தில் சேர்ந்தேன். என் சித்தி மகள் 2024-ல் 3.5 லட்சத்தில் சேர்ந்தாள். நடுவில் துரைப்பாக்கம் வாடகை எவ்வளவு ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஆட்கள், என் வயதுக்காரர்கள். நான் அந்தக் கம்பெனி இல்லை. ஆனால் கதை அதேதான்.

எங்கள் க்ளையன்ட் ஹைதராபாத்தில் ஜிசிசி திறந்துவிட்டார்கள். ஆறு வாரமாக நான் கேடி கொடுக்கிறேன். அங்கேயே சேர்ந்துவிடலாமா என்று கேட்டால், எங்கள் ஆட்களைப் பன்னிரண்டு மாதம் எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கவில்லை, பெஞ்சில், அதாவது வேலை ஒதுக்காமல் காத்திருப்பில், போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஹெச்ஆர் கூப்பிட்டு, நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் நன்றாக வரும் என்றார்கள்.

நாடோடி அண்ணா, அமெரிக்காவில் ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு உண்டு இல்லையா?

நியூஜெர்சி நாடோடி

1988-ல் வந்த சட்டம். ஆனால் கூட்டமாகக் குறைத்தால்தான். பதினொரு பேருக்கெல்லாம் பொருந்தாது. எங்களுக்குக் கிடைத்தது கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்த செவரன்ஸ்தான்.

வரியை அப்புறம் பேசுவோம். செல்வி, அந்த ராஜினாமா மெயிலை அனுப்பிவிட்டீர்களா?

பெருங்குடி பரமு

அனுப்பாதீங்க. நீங்களாகக் கொடுத்த ராஜினாமா என்று ஆகிவிட்டால் அப்புறம் எதுவும் கேட்க முடியாது. ஐடி கம்பெனிகளுக்கும் தொழிலாளர் சட்டம் உண்டு, சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் கேட்டதை எழுத்தில் கேளுங்கள். சங்கத்து ஆள் ஒருவர் எனக்குத் தெரியும், தனிச்செய்தியில் நம்பர் தருகிறேன்.

சிறுசேரி செல்வி

இன்னும் ட்ராஃப்டில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பதினொன்றரைக்கு மீட்டிங். பத்து மணிக்கு ஹைதராபாத் கேடி, கடைசி செஷன்.

கணக்கப்பிள்ளை

அந்த செஷனை ரெக்கார்ட் செய்யாதீர்கள்.