அல்ஹம்ப்ரா கறுத்தே விழுகிறது. கிரனாடாவில் எங்கே நின்று எடுப்பது?

தாமிரக்கரை (புதன், மாலை)

வணக்கம். அம்மாவுடன் ஸ்பெயினின் கிரனாடாவுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. ஞாயிறு காலை கிளம்புகிறோம். அல்பைசீன் மேட்டில் உள்ள சான் நிக்கோலாஸ் முற்றத்தில் நின்றால் அல்ஹம்ப்ரா கோட்டை முழுவதும் எதிரே விரியும், பின்னால் பனிமலை தெரியும் என்று கேட்ட எல்லோரும் சொன்னார்கள். இன்று பிளாசா நுயெவா சதுக்கத்திலிருந்து நடந்தே ஏறி, காலை பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்சி சொன்னதுபோலவே இருந்தது. படம்தான் பாழ்.

கோட்டை, கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் கிடக்கிறது. கோட்டைக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்தால் வானம் வெளுத்துப்போய் மலையே காணாமல் போகிறது. வானத்துக்கு வைத்தால் சன்னல் எது, சுவர் எது என்று தெரியவில்லை. 80 படத்துக்கு மேல் எடுத்தேன். வைத்துக்கொள்ளத் தகுந்தது நான்குகூடத் தேறாது. லென்ஸ் 24-105 மி.மீ. ஜூம். முக்காலி கொண்டுவரவில்லை.

இடம் தவறா, என் கை தவறா? வேறு நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு கட்டுப்பாடு: அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்று ஏறும்போதே மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தெருவெல்லாம் பாவிய கூழாங்கல். செருப்புக்குள் குத்துகிறது என்கிறார்.

நாளை பகல் ஒரு மணிக்கு அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு டிக்கெட் இருக்கிறது.

மேற்குவெயில்

சான் நிக்கோலாஸை விட்டுவிடுங்கள். கிதார்காரர்கள், வளையல் விற்பவர்கள், ஆளுக்கொரு கைபேசி என்று திருவிழாக் கூட்டம். சான் மிகேல் ஆல்தோ என்ற சிறு தேவாலயத்துக்கு ஏறுங்கள். நகரம், அல்ஹம்ப்ரா, மலை எல்லாம் காலடியில் கிடக்கும். நான் எடுத்ததில் சிறந்த படம் அங்கே கிடைத்ததுதான்.

கல்படி

முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறார். நீங்கள் ஊரிலேயே உயரமான இடத்துக்கு ஏறச் சொல்கிறீர்கள்!

பழையலென்ஸ்

தம்பி, இடமும் தவறில்லை, கையும் தவறில்லை. போன நேரம்தான் தவறு.

சான் நிக்கோலாஸிலிருந்து அல்ஹம்ப்ரா தென்கிழக்கே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது கோட்டையின் வடபக்கச் சுவர்களை. காலை பதினொன்றரைக்குச் சூரியன் உங்கள் முகத்துக்கு எதிரே, சற்று இடப்பக்கம் நிற்கிறது. அந்தச் சுவர்களில் வெயிலே படாது. அதோடு எதிர்வெளிச்சத்தில் பள்ளத்தாக்கின் மங்கலும் சேர்ந்து மலையை விழுங்கிவிடும். எந்த லென்ஸ் போட்டாலும் இதே படம்தான் வரும்.

இன்னொன்று. இந்த ஊர்க் கடிகாரத்தை நம்பி உச்சிவெயிலைக் கணக்கிடாதீர்கள். ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது, கோடைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேறு. ஏப்ரல் கடைசியில் கிரனாடாவில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2:10 வாக்கில். பகல் பன்னிரண்டை நாம் நடுப்பகல் என்று நினைக்கிறோம். சூரியனுக்கு அது இன்னும் காலைதான்.

இப்போது அஸ்தமனம் இரவு ஒன்பதை ஒட்டி. இந்த மாதத்தில் சூரியன் நேர்மேற்கில் இறங்காது, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இறங்கும். ஏழரைக்கு மேல் வெளிச்சம் உங்கள் வலத்தோளுக்குப் பின்னாலிருந்து வந்து அந்த வடச்சுவர்களில் விழும். அல்ஹம்ப்ரா என்ற பெயரே 'சிவந்தது' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எல்லாம் செம்மண் இடித்துக் கட்டிய சுவர்கள். அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதே முற்றத்துக்கு மாலையில் திரும்பிப் போங்கள்.

ஏழாம்சன்னல்

பழையலென்ஸ் சொன்னதையே திருப்பிப் பாருங்கள். வடக்கு நோக்கிப் பார்த்தால் பகல் வெளிச்சம் நல்ல வெளிச்சம். நாளை ஒரு மணிக்கு நீங்கள் கோட்டைக்குள் இருப்பீர்கள். அங்கிருந்து அல்பைசீன் வடக்கே இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம். இன்று உங்கள் படத்தைக் கெடுத்த வெயில் நாளை அந்த வெள்ளை வீடுகளைப் பளிச்சென்று காட்டும். கோட்டையின் பழைய காவற்பகுதியான அல்கசாபாவில் தோர்ரே தெ லா வேலா என்ற கோபுரத்தில் ஏறினால் முழு மேடும் தெரியும். படிகள் உண்டு, அம்மா கீழே இருக்கட்டும்.

அரண்மனைக்குள் மிர்ட்டில் செடி முற்றத்தில் நீளமான குளம் இருக்கிறது. தென்கோடியில் நின்று வடக்கே பார்த்தால் கொமாரெஸ் கோபுரம் தண்ணீரில் தலைகீழாக விழும். அந்த முகப்பு தெற்கு பார்த்தது, ஆகவே ஒரு மணிக்கும் வெயில் இருக்கும். நின்றபடி எடுத்தால் தண்ணீரில் பாதிக் கோபுரம்தான் வரும். குந்தி உட்கார்ந்து, கேமராவை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து, திரையை மேல்நோக்கி மடக்கி எடுங்கள். கேமரா வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சிங்க முற்றத்தில் தரை முழுக்க வெள்ளைப் பளிங்கு. கேமரா அதைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; எக்ஸ்போஷர் அளவுகோலில் +0.7 கூட்டிவையுங்கள். 12 சிங்கத்தையும் ஒரே படத்தில் அடக்க முயல வேண்டாம். 124 தூண்கள் இருக்கின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு சிங்கத்தின் முகம் போதும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் வாசலில் இருக்க வேண்டும், தவறினால் விட மாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். உள்ளே போய்விட்டால் வெளியே போகச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. ஒரு கூட்டம் நகர்ந்து அடுத்த கூட்டம் வருவதற்குள் ஓரிரு நிமிடம் முற்றம் காலியாகும், அதற்காகக் காத்திருங்கள். முக்காலி, பிளாஷ் இரண்டும் கூடாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள்.

கல்படி

அம்மாவுக்காக எழுதுகிறேன். அல்பைசீனுக்கு நடக்கவே வேண்டாம். பிளாசா நுயெவாவிலிருந்து சி31 என்ற சின்ன பஸ் தாரோ ஆற்றோரத் தெருவில் ஊர்ந்து, மேட்டைச் சுற்றி ஏறி, சான் நிக்கோலாஸ் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஆற்றோரத் தெருவில் அந்த பஸ் வரும்போது நடப்பவர்கள் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்து பார்ப்பது தனி வேடிக்கை.

முற்றத்துக்குப் பக்கத்திலேயே 2003-இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்துக்குள் கட்டணம் இல்லாமல் போகலாம். அதே காட்சி, கால்வாசிக் கூட்டம். திறக்கும் நேரத்தை வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள். வழிபாட்டு இடம், ஆகையால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

மலைதான் வேண்டும் என்றால் ஒரு மாலை டாக்சி பிடித்து சான் கிறிஸ்தோபல் மிரதோருக்கு (காட்சிமேடை) போங்கள். முர்சியா சாலையை ஒட்டியே இருக்கிறது, இறங்கினால் நாலு எட்டு. முன்னால் பழைய கோட்டை மதில் ஓடும். அங்கிருந்து அல்ஹம்ப்ரா ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். தூரம் என்று ஒதுக்காதீர்கள்: கோட்டை சின்னதாகும், இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற மலை சின்னதாகாது. 105-இல் வைத்து எடுத்தால் சியர்ரா நெவாடா எழுந்து கோட்டையின் தலைமேல் உட்கார்ந்ததுபோல் வரும். கூராகத் தெரிவது வெலெட்டா, 3,396 மீட்டர். இந்த மாதம் பனி நிச்சயம் இருக்கும்.

கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரிக் கொத்தை யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு காசு கேட்பார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் தலைமுறை.

தாமிரக்கரை (வியாழன், நள்ளிரவு)

எல்லோருக்கும் நன்றி. நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு.

குளத்துப் படம் கிடைத்துவிட்டது. நாற்பது நிமிடம் தென்கோடியிலேயே இருந்தேன். ஒரு சுற்றுலாக் குழு நகர்ந்ததும் ஓரத்தில் இரண்டே பேர். அம்மா பக்கத்தில் நின்று என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார், குளத்தில் விழுந்துவிடுவேன் என்று.

மாலை சி31-இல் ஏறினோம். ஏழேமுக்காலுக்கே சான் நிக்கோலாஸ் கைப்பிடிச் சுவர் நிரம்பிவிட்டது. சுவரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளுக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. பள்ளிவாசல் தோட்டம் அதற்குள் மூடிவிட்டார்கள். கண்ணுக்குக் கோட்டை செங்கல் சூளைபோல் சிவந்து தெரிந்தது. படத்தில் சுவர் வெளிர்மஞ்சளாக, சோகை பிடித்ததுபோல் இருக்கிறது. விளக்குப் போட்ட பிறகு எடுத்தவை எல்லாம் ஆடிவிட்டன. ஜேபெக் மட்டும்தான் எடுத்தேன்.

பழையலென்ஸ்

ஒயிட் பேலன்சை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டிருக்கிறீர்கள். மாலைச் சிவப்பைக் கேமரா ஒரு கோளாறு என்று நினைத்துச் சரிசெய்துவிடுகிறது. சூரியன் படம் போட்ட குறியில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டுமானால் மேகக் குறி. நாளை முதல் ஜேபெக்கோடு ரா (RAW, கேமரா திருத்தாத மூலக்கோப்பு) வடிவத்தையும் சேர்த்து எடுங்கள். தவறினாலும் பிறகு திருத்தலாம்.

ஆட்டத்துக்கு மருந்து அரிசி. கடையில் ஒரு கிலோ பை வாங்கி, காலுறைக்குள் போட்டு முடிந்து, கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, இரண்டு விநாடி டைமர், கையை எடுத்துவிடுங்கள். அஸ்தமனம் முடிந்து இருபது நிமிடம் கழித்து ஆரம்பியுங்கள். வானத்தின் நீலமும் கோட்டை விளக்கும் ஒரே அளவில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான், பிறகு வானம் மை ஆகிவிடும். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சூரியன் விழுந்ததும் கைதட்டிவிட்டுப் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள்.

மேற்குவெயில்

அரிசி யோசனை அருமை. அம்மாவின் முழங்காலைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஏறாமல் எடுக்க ஓர் இடம்: பாசெயோ தெ லோஸ் திரிஸ்தெஸ். 'துயருற்றோரின் நடை' என்று பொருள். ஒரு காலத்தில் சவ ஊர்வலங்கள் இந்த வழியே மலைமேல் இருக்கும் மயானத்துக்குப் போயினவாம். ஆற்றோரச் சமதளம், கோட்டை தலைக்கு நேர்மேலே. 24-ஐச் செங்குத்தாகப் பிடியுங்கள்.

தாமிரக்கரை (சனி, இரவு)

நேற்று மாலை சான் கிறிஸ்தோபல். எங்களைத் தவிர ஒரு நாய், அதை நடத்திவந்த ஒருவர், ஒரு காதல் ஜோடி. மலை கல்படி அக்கா சொன்னபடியே எழுந்து நின்றது. எட்டேமுக்காலுக்குப் பனி இளஞ்சிவப்பானது, சுவர் கருஞ்சிவப்பு. சூரியன் குறி வைத்ததும் நிறம் சரியாக விழுந்தது. இன்று திரிஸ்தெஸ் நடையில் அரிசிப் பை. முதல் மூன்று படம் ஆடின, காலுறை முடிச்சு தளர்ந்திருந்தது. நான்காவது கூர்மையாக வந்தது. பிறகு கிடைத்த ஏழும் வைத்துக்கொள்ளத்தக்கவை. பை இப்போது விடுதிச் சமையலறையில் இருக்கிறது. அம்மா நாளை வழிக்குத் தயிர்ச்சோறு என்கிறார்.

புதுப்பயணி

இதைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் டிசம்பர் கடைசியில் போகிறேன். இதே நேரக் கணக்கு எனக்கும் பொருந்துமா?

பழையலென்ஸ்

பொருந்தாது. டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் ஆறு மணி வாக்கில் விழுந்துவிடும். சான் நிக்கோலாஸிலிருந்து பார்த்தால் வெளிச்சம் சரியாக வலப்பக்கத்திலிருந்து வரும். அல்கசாபாவின் மேற்கு முகத்தில் பிடிக்கும், வடச்சுவர்கள் நாள் முழுக்க நிழலில்தான். சுவரின் சிவப்பை அந்த மாதம் எதிர்பார்க்காதீர்கள். பனியில் விழும் இளஞ்சிவப்பையும், அதற்குப் பிறகு விளக்குப் போட்ட கோட்டையையும் குறிவையுங்கள். ஐந்தேகாலுக்கே முற்றத்தில் இருங்கள். கையுறை எடுத்துச் செல்லுங்கள், விரல்நுனி வெட்டியதாக இருந்தால் நல்லது.